இணையப் பயன்பாட்டின் சூழல் சுமையைக் குறைக்கும் வழிகள்

2024-இல் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டை, இணையத் தகவல்களைச் சேமித்து அனுப்பும் கணினிக் கூடங்களான தரவு மையங்கள் எடுத்துக்கொண்டன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. முதலில், காணொளிச் செயலியின் அமைப்புகளில் தானியங்கி இயக்கத்தை நிறுத்துங்கள். பார்ப்பவர் உறங்கிய பின்னும் அடுத்தடுத்து ஓடுவது அதனால் நிற்கும். கைபேசியில் பார்க்கும்போது, திரையிலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு, தரத்தை 1080-இலிருந்து 480-க்குக் குறைத்தால், சிறிய திரையில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தரவுச் செலவோ வெகுவாகக் குறையும். பாடலைக் கேட்க மட்டும் விரும்பினால் ஒலி வடிவமே போதும். பழைய மின்னஞ்சல்களை அழிப்பதால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம்.

உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது கருவியைத்தான். ஒரு கைபேசியின் வாழ்நாள் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன், உற்பத்தியின்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மட்டும் மாற்றி, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும்வரை அதே கைபேசியைப் பயன்படுத்துங்கள்.