இல்லினாய் ஸ்டேட் ட்ரெஷரர் கிட்ட உங்க பணம் கிடக்கான்னு பாத்து எடுக்குறது எப்படி

சிகாகோ பக்கம் கொஞ்ச வருஷம் இருந்தீங்களா, ஷாம்பர்க், நேப்பர்வில்னு ரெண்டு மூணு அபார்ட்மெண்ட் மாறி, நடுவுல கம்பெனியும் மாறி, அப்புறம் டல்லாஸுக்கோ சென்னைக்கோ மூட்டைய கட்டிட்டீங்களா, அப்போ இத முழுசா படிங்க. பழைய கரண்ட் கனெக்‌ஷனுக்கு கட்டுன டெபாசிட், கடைசி மாச சம்பளத்துல விட்டுப்போன ஒரு செக், மறந்துபோன சேவிங்ஸ் அக்கவுண்ட், இன்ஷூரன்ஸ்காரன் பழைய அட்ரஸுக்கு அனுப்பி திரும்பி வந்த ரீஃபண்ட், இதெல்லாம் அந்தந்த கம்பெனிக்காரன் அப்படியே முழுங்கிட முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு மேல ஆள் கிடைக்கலன்னா மாநில அரசு கிட்ட ஒப்படைச்சே ஆகணும், அது சட்டம். இல்லினாய்ல அத வாங்கி வெச்சிருக்கறவர் ஸ்டேட் ட்ரெஷரர். மொத்தமா 500 கோடி டாலருக்கு மேல இப்படி ஆள் தேடிட்டு கிடக்கு.

முதல்ல இந்த ட்ரெஷரர் யாருன்னு தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா பாதி பேர் தப்பான ஆபீஸுக்கு போன் போட்டு அலையுறாங்க. நம்மூர்ல கருவூலம்னா பென்ஷன்காரங்க வருஷா வருஷம் மஸ்டரிங்குக்கு போற ஆபீஸ், அங்க உக்காந்திருக்கறவர் அரசு அதிகாரி. இல்லினாய்ல அப்படி இல்ல, கவர்னர மாதிரியே ட்ரெஷரரும் மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி ஜெயிக்கணும், கட்சி டிக்கெட், பிரச்சாரம் எல்லாம் உண்டு. மைக்கேல் ஃப்ரெரிக்ஸ் 2014, 2018, 2022 மூணு தடவையும் ஜெயிச்சவரு, அதுல 2014ல வித்தியாசம் வெறும் 9 ஆயிரத்து சொச்சம் ஓட்டு. இந்த பதவிய ஏணியா வெச்சு மேல போனவங்களும் நிறைய. பேட் க்வின் ட்ரெஷரரா இருந்து பின்னாடி கவர்னர் ஆனாரு, அலெக்ஸி ஜியனூலியஸ் 2010ல செனட்டுக்கு நின்னு தோத்து இப்போ செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட், அதாவது உங்க டிரைவிங் லைசென்ஸ் குடுக்குற டிபார்ட்மெண்டோட தலை.

1818ல மாநிலம் உருவானப்போ நிலைமை வேற. தலைநகரம் கஸ்காஸ்கியாங்கற ஆத்தங்கரை ஊர், ட்ரெஷரர சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும், முதல் ஆள் ஜான் தாமஸ். 1848 அரசியல் சட்டத்துக்கு அப்புறம்தான் ஜனங்க நேரடியா ஓட்டு போட ஆரம்பிச்சாங்க. 1870ல எழுதுன சட்டத்துல ஒரு சுவாரசியமான விதி: ட்ரெஷரருக்கு பதவி ரெண்டு வருஷம், முடிஞ்ச உடனே மறுபடி நிக்கக்கூடாது. அதாவது ஒருத்தரே நாலஞ்சு தடவை பணப்பெட்டி மேல உக்காந்துட்டா என்ன ஆகும்ங்கற பயம். பயம் வீண் இல்ல, பக்கத்து மாநிலம் கென்டக்கில ஜேம்ஸ் டேட்னு ஒரு ட்ரெஷரர், 'நேர்மையான டிக்'னு பட்டப்பேரே உண்டு, 1867ல இருந்து ஜனங்க திரும்பத் திரும்ப அவரையே ஜெயிக்க வெச்சாங்க, 1888 மார்ச்ல ஒரு நாள் பையில பணத்தோட ரயில் ஏறுனவர் அப்புறம் வரவே இல்ல. கணக்கு பாத்தா கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் டாலர் காணோம், அந்த காலத்து ரெண்டரை லட்சம்.

சரி இல்லினாய்ல ரெண்டு வருஷ விதி இருந்துச்சே, அதனால திருட்டு நின்னுச்சான்னு கேட்டா, இல்ல. லென் ஸ்மால்னு ஒருத்தர், 1905ல ஒரு ரெண்டு வருஷம், 1917ல ஒரு ரெண்டு வருஷம் ட்ரெஷரரா இருந்தவர். இவர் மேல வந்த புகார் என்னன்னா, மாநிலத்து பணத்த நடப்புலயே இல்லாத ஒரு பேங்க் பேர்ல காட்டி, அத சிகாகோவோட பெரிய இறைச்சி கம்பெனிகளுக்கு நல்ல வட்டிக்கு விட்டு, அரசாங்கத்துக்கு குறைஞ்ச வட்டிய மட்டும் கணக்கு காட்டி மீதிய அமுக்கிட்டாங்கன்னு. 1921ல வழக்கு போடுறப்போ மனுஷன் கவர்னர் ஆயிட்டாரு! 1922ல ஜூரி விடுதலை பண்ணிடுச்சு, அந்த ஜூரில இருந்த சிலருக்கு பின்னாடி அரசு வேலை கிடைச்சுது, எப்படின்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆனா சிவில் வழக்குல தப்பிக்க முடியல, 1927ல ஆறரை லட்சம் டாலர் கட்டி முடிச்சாரு.

அடுத்தது 1956. ஆர்வில் ஹாட்ஜ், இவர் ட்ரெஷரர் இல்ல, ஆடிட்டர் ஆஃப் பப்ளிக் அக்கவுண்ட்ஸ், அதாவது செலவுக்கு உத்தரவு போடுற ஆள். பொய் பில்லுக்கு அரசு செக் எழுதி மில்லியன் கணக்குல சுருட்டி ஜெயிலுக்கு போனாரு. இதோட பலனா 1970 அரசியல் சட்டத்துல அந்த பதவியவே தூக்கிட்டு வேலைய பிரிச்சாங்க: கணக்கு எழுதி, பணம் குடுக்க உத்தரவு போடுறது கம்ப்ட்ரோலர், தணிக்கை பண்றது ஆடிட்டர் ஜெனரல். பெட்டிய பாத்துக்கறது, முதலீடு பண்றது மட்டும் எப்பவும் போல ட்ரெஷரர். கம்ப்ட்ரோலர் உத்தரவு இல்லாம ட்ரெஷரர் ஒரு டாலர் வெளிய விட முடியாது, பெட்டி ட்ரெஷரர் கிட்ட இருக்கறதால கம்ப்ட்ரோலரும் தன்னிஷ்டத்துக்கு எடுக்க முடியாது. ரெண்டு பேரும் தனித்தனியா ஓட்டு வாங்கி வர்றவங்க. ஜூடி பார் டோபின்கா ரெண்டு நாற்காலிலயும் உக்காந்து பாத்துட்டு, ரெண்டையும் ஒண்ணாக்குங்க செலவு மிச்சம்னு சொன்னாங்க, இன்னும் நடக்கல. எனக்கு கேட்டா மேல சொன்ன ரெண்டு கதையையும் படிச்சதுக்கு அப்புறம் பிரிஞ்சே இருக்கட்டும்னுதான் தோணுது.

இப்போ வேலைக்கு வருவோம்.

இல்லினாய் ட்ரெஷரர் ஆபீஸோட தேடல் தளத்துக்கு பேரு ஐகேஷ். கூகுள்ல விளம்பரமா மேல வர்றத கிளிக் பண்ணாதீங்க, அட்ரஸ் கடைசில டாட் கவ்னு இருக்கான்னு பாத்துட்டு உள்ள போங்க. பேரு போட்டு தேடணும், அவ்ளோதான், காசு எதுவும் கிடையாது. இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு சிக்கலே, ஏன்னா நம்ம பேரு இங்க ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி ஏறியிருக்கும். பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசி பேரா இருக்கும், முதல் வேலைல ஹெச்ஆர் அத தலைகீழா போட்டிருப்பாங்க, கேஸ் கம்பெனில வெறும் இனிஷியலோட இருக்கும், ஒரே பேர் உள்ள பாஸ்போர்ட்னா முன்னாடி எஃப்என்யூனு, அதாவது முதல் பேரு தெரியாதுன்னு, சேர்ந்திருக்கும். அதனால முன்பேரையும் பின்பேரையும் மாத்தி போட்டு தேடுங்க, அப்பா பேர மட்டும் போட்டு ஊர் பேரோட தேடுங்க, சுப்ரமணியன்னா கடைசில என் போட்டு ஒரு தடவை எம் போட்டு ஒரு தடவை, லட்சுமின்னா ஹெச் போட்டும் போடாமலும், வெங்கடேசன்னா எத்தனை விதம்னு உங்களுக்கே தெரியும். நீளமான பேரு பாதில வெட்டுப்பட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு, முதல் ஆறேழு எழுத்த மட்டும் போட்டு பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பாத்த பொண்ணுங்க பழைய பேர்லயும் தேடணும். சின்னதா கன்சல்டிங் கம்பெனி வெச்சிருந்தீங்கன்னா அந்த கம்பெனி பேரும்.

இல்லினாய் மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க. யாரோட பணம் எந்த மாநிலத்துக்கு போகும்னு 1965ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் டெக்சஸ், நியூ ஜெர்சி வழக்குல ஒரு விதி போட்டுச்சு: கம்பெனி கணக்குல உங்க கடைசி அட்ரஸ் எந்த மாநிலமோ அங்க போகணும், அட்ரஸே இல்லன்னா கம்பெனி பதிவான மாநிலத்துக்கு போகணும். இதுல குளிர் காயறது டெலவேர், ஏன்னா பாதி பெரிய கம்பெனி அங்கதான் பதிவு. இதே மாதிரி மணிகிராம்ங்கற பணம் அனுப்புற கம்பெனி விஷயத்துல ஒரு சண்டை 2023ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் டெலவேர் தோத்துச்சு. உங்களுக்கு இதுல இருந்து தெரிய வேண்டியது, குடியிருந்த ஒவ்வொரு மாநிலத்துலயும் தேடணும், டெலவேர்லயும் ஒரு தடவை தேடணும். பல மாநிலங்கள ஒரே இடத்துல பாக்க மிஸ்ஸிங்மனி டாட் காம் இருக்கு, அது மாநில அதிகாரிகளோட சங்கமே பரிந்துரைக்கிற இலவச தளம், ஆனாலும் அதுல இல்லாதது மாநிலத்தோட சொந்த தளத்துல இருக்கலாம், ரெண்டும் பாருங்க.

ஆபீஸ் பேரும் எல்லா இடத்துலயும் ட்ரெஷரர் இல்ல, இது நிறைய பேர குழப்புது. கலிஃபோர்னியால ட்ரெஷரர்னு ஒருத்தர் இருக்காரு ஆனா இந்த பணம் கன்ட்ரோலர் கிட்ட. நியூயார்க்ல கம்ப்ட்ரோலர். நியூ ஜெர்சில ட்ரெஷரி டிபார்ட்மெண்ட், அங்க ட்ரெஷரர கவர்னரே நியமிக்கிறாரு. நார்த் கரோலினா, மாசசூசெட்ஸ் ரெண்டும் இல்லினாய் மாதிரி ட்ரெஷரர். ஜார்ஜியால, வாஷிங்டன்ல வரி டிபார்ட்மெண்ட். டெக்சஸ் கதை தனி, அங்க மார்த்தா வைட்ஹெட்னு ஒரு அம்மா 'என்ன ஜெயிக்க வைங்க, இந்த பதவியவே ஒழிச்சு காட்டுறேன்'னு சொல்லி 1994ல ட்ரெஷரரா ஜெயிச்சு, 95ல ஜனங்க ஓட்டு போட்டு, 96ல பதவிய நிஜமாவே ஒழிச்சுட்டாங்க. சொன்னத செஞ்ச அரசியல்வாதி! அங்க இப்போ எல்லாம் கம்ப்ட்ரோலர் ஆபீஸ்தான்.

உங்க பேரு வந்துச்சுன்னா அது உங்களோடதுதானான்னு பக்கத்துல இருக்குற அட்ரஸ வெச்சு பாருங்க, ஆமான்னா க்ளெய்ம் போடுங்க. கேக்குறது போட்டோ ஐடி, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), அப்புறம் அந்த பழைய அட்ரஸ்ல நீங்க இருந்ததுக்கு ஒரு ஆதாரம். இந்த மூணாவதுதான் பல்ல புடுங்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த அபார்ட்மெண்டுக்கு ஆதாரம் எங்க போறது? பழைய டபிள்யூ2, அதாவது கம்பெனி வருஷா வருஷம் குடுக்குற சம்பள வரி பாரம், எடுங்க, அதுல அட்ரஸ் இருக்கும், டாக்ஸ் ரிட்டர்ன்லயும் இருக்கும், லீஸ் பேப்பர் மெயில்ல எங்கயாவது கிடக்கும். தொகை பெருசுன்னா நோட்டரி கையெழுத்தும் கேப்பாங்க. க்ளெய்ம் நம்பர குறிச்சு வெச்சுக்கோங்க, நிலைமை என்னன்னு அத வெச்சுதான் பாக்க முடியும். அவசரம் இல்ல, உரிமை காலாவதி ஆகாது, உங்களுக்கு அப்புறம் உங்க வாரிசு கூட கேக்கலாம், ஆனா அப்போ டெத் சர்டிபிகேட், வாரிசு ஆவணம்னு பேப்பர் கூடும், அதனால உயிரோட இருக்கும்போதே எடுத்துடுறது சுலபம். இந்தியா திரும்பினவங்க ஒண்ணு கவனிங்க, டாலர் செக் கைக்கு வந்தா நம்மூர் பேங்க்ல மாத்துறது பெரும்பாடு, அமெரிக்க அக்கவுண்ட் ஒண்ணு உயிரோட இருந்தா நல்லது.

'உங்க பணம் கண்டுபிடிச்சிருக்கோம், கமிஷன் குடுங்க'னு லெட்டர், போன் வரும். எல்லாம் திருட்டுன்னு சொல்ல முடியாது, சட்டப்படி தேடி குடுக்குறவங்க உண்டு, இல்லினாய்ல அவங்க 10 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாது. ஆனா அவங்க செய்யறத நீங்களே சும்மா செய்யலாம், எதுக்கு குடுக்கணும்? முன்பணம் கேட்டா பேச்சே வேண்டாம், போன வெச்சுடுங்க. இதுல இன்னொரு குழப்பம், ட்ரெஷரர் ஆபீஸே வரி டிபார்ட்மெண்ட் தகவல வெச்சு சின்ன தொகைகளுக்கு நீங்க கேக்காமலே லெட்டர் போட்டு செக் அனுப்புறாங்க. அது நிஜம், ஸ்காம்னு நினைச்சு கிழிச்சு போட்டுடாதீங்க, சந்தேகமா இருந்தா ஐகேஷ்ல இருக்குற நம்பருக்கு நீங்களே போன் பண்ணி கேளுங்க.

பணம் அங்க போகாம பாத்துக்கறது இன்னும் முக்கியம், குறிப்பா ஐடி ஆளுங்களுக்கு. பழைய கம்பெனி குடுத்த ஷேர் ஏதோ ஒரு புரோக்கர் அக்கவுண்ட்ல கிடக்கும், வேலை விட்டதுக்கு அப்புறம் உள்ளயே போயிருக்க மாட்டீங்க. இல்லினாய்ல பெரும்பாலானதுக்கு கெடு 3 வருஷம், சம்பளத்துக்கு ஒரே வருஷம். கெடு தாண்டி ஷேர் மாநிலத்துக்கு போயிட்டா அவங்க அத வித்துடலாம், நீங்க அப்புறம் போய் கேட்டா வித்த விலைதான் கைக்கு வரும், நடுவுல ஷேர் நாலு மடங்கு ஏறியிருந்தாலும் அதேதான். வருஷத்துக்கு ஒரு தடவை லாகின் பண்ணுங்க, அட்ரஸ், ஈமெயில் மாத்துங்க, இது போதும்.

இந்த ஆபீஸ்ல இன்னும் சிலது இருக்கு. பிரைட் ஸ்டார்ட்னு 529ங்கற வரிச்சலுகை உள்ள காலேஜ் சேமிப்பு திட்டம், இல்லினாய் வருமான வரில தனி ஆளுக்கு வருஷம் 10,000 டாலர், தம்பதிக்கு 20,000 டாலர் வரைக்கும் கழிக்கலாம். 2008ல இதோட ஒரு பாண்ட் ஃபண்ட் பயங்கரமா அடி வாங்கி, நிர்வாகம் பண்ண கம்பெனி கிட்ட இருந்து 77 மில்லியன் டாலர் திரும்ப வாங்குனாங்க, அதனால அரசு நடத்துதுன்னு கண்ண மூடிட்டு போடாம ஃபண்ட பாத்து எடுங்க. 2023 ஜனவரி 1க்கு அப்புறம் இல்லினாய்ல பிறந்த குழந்தைனா 50 டாலர் ஆரம்பத் தொகை உண்டு, பத்து வயசுக்குள்ள கேட்டு வாங்கணும், தானா வராது. சின்ன கம்பெனில வேலைன்னா சம்பளத்துல 5 சதவீதம் செக்யூர் சாய்ஸ்னு பிடிக்கலாம், அது உங்க பேர்லயே இருக்குற ரிட்டயர்மெண்ட் கணக்கு, வேண்டாம்னா விலகிக்கலாம்.

கடைசியா, ஸ்டேட் டாக்ஸ் ரீஃபண்ட் வரலன்னு ட்ரெஷரருக்கு போன் பண்ணாதீங்க, அது ரெவென்யூ டிபார்ட்மெண்டும் கம்ப்ட்ரோலரும். வீட்டு வரி பில்லுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்ல, அது கவுண்டி ட்ரெஷரர், சிகாகோன்னா குக் கவுண்டி ட்ரெஷரர், வேற ஆபீஸ், வேற தேர்தல். ஆனா வீடு வெச்சிருந்தவங்க அந்த தளத்துக்கும் ஒரு தடவை போங்க, பழைய வீட்டோட அட்ரஸ் போட்டா கூடுதலா கட்டுன வரி திரும்ப வாங்காம கிடக்கான்னு காட்டும், நீங்களும் பேங்கும் ரெண்டு பேரும் கட்டிட்ட கதை நிறைய நடக்கும், அது ஐகேஷ்ல தேடுனா வராது.