புதிய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றிக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தின் படிக்கட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை காமிக்ஸ் வாசகர்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுகிறோம். மயிலாடுதுறையிலிருந்து ரயிலில் ஒருவர் வருகிறார். மன்னார்குடியிலிருந்து பேருந்தில் இருவர் வருகிறார்கள். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். அந்த மாதம் வெளிவந்த அமெரிக்க சூப்பர் ஹீரோ இதழ்களைப் பற்றிய பேச்சும், சிவகாசியிலிருந்து கூரியரில் வந்த தமிழ் இதழ்களைப் பற்றிய பேச்சும் இருட்டும் வரை நடக்கும். பல ஆண்டுகளாக அங்கே கேட்டவற்றையும், நானே சொல்லிப் பின்னர் வருந்தியவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். ஓர் இதழ் பிடிக்கவில்லை என்று சொல்ல வாசகருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கருத்து கையில் இருக்கும் பக்கங்களிலிருந்து பிறக்க வேண்டும். நம்மிடம் காணப்படும் தவறுகளில் பெரும்பாலானவை, பக்கத்தைப் பார்க்காமல் வேறெதையோ மனத்தில் வைத்துப் பேசுவதால் வருகின்றன.

அவற்றுள் பெரியது, ஓர் இதழைப் படித்துவிட்டுத் தொடர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது. அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதைக்கு வழக்கமாக 20 பக்கங்களோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கும். ஒரு கதை முடிய ஐந்து அல்லது ஆறு இதழ்கள் ஆவது சாதாரணம். ஜூனில் தொடங்கிய கதை ஒரு நிலைக்கு வருவதற்குள் எங்கள் வயல்களில் குறுவையே அறுவடையாகிவிடும். நாற்றங்காலைப் பார்த்துவிட்டு எத்தனை மூட்டை காணும் என்று சொல்கிற விவசாயி எங்கள் பக்கத்தில் இல்லை. நாற்று வாளிப்பாக இருக்கிறதா, மஞ்சள் பாய்ந்திருக்கிறதா என்று மட்டும் சொல்வார். முதல் இதழைப் பற்றியும் அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும், அதுவே போதுமானதும்கூட.

2016-ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது இதற்கு நல்ல சான்று. நிக் ஸ்பென்சர் எழுதிய கேப்டன் அமெரிக்கா தொடரின் முதல் இதழில், கடைசிப் பக்கத்தில் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ் ‘ஹெயில் ஹைட்ரா’ என்று சொல்கிறார். எதிரி அமைப்பின் முழக்கத்தை அவர் வாயிலேயே கேட்ட வாசகர்கள் கொதித்தார்கள். அவரைத் தொடக்கம் முதலே துரோகியாக ஆக்கிவிட்டதாக உலகெங்கும் பேச்சு எழுந்தது. நானும் அந்த வாரம் அப்படித்தான் பேசினேன். அடுத்த மாதம் வந்த இரண்டாம் இதழ், நினைத்ததை நடத்திவைக்கும் காஸ்மிக் க்யூபின் சக்தியைக் கொண்டு, அவருடைய பழைய எதிரி ரெட் ஸ்கல் அவருடைய கடந்த காலத்தையே மாற்றி எழுதியிருக்கிறான் என்று காட்டியது. அவர் துரோகி என்ற வாதம் அத்துடன் தளர்ந்துபோனது.

ஆனால் அந்த நேரத்தில் எழுந்த எல்லா எதிர்ப்பையும் அவசரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதர்கள். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே அவர் ஹிட்லரின் முகத்தில் குத்து விடுகிறார். அப்படிப்பட்ட நாயகனை நாஜி வேர்கள் கொண்ட ஓர் அமைப்பின் ஆளாகக் காட்டியது எங்களைப் புண்படுத்துகிறது என்று சொன்னவர்களின் கருத்து, இரண்டாம் இதழ் என்ன விளக்கம் தந்தாலும் செல்லும். ஏனென்றால் அது அந்தப் பக்கம் வாசகருக்குத் தந்த அனுபவத்தைப் பற்றியது. கதை எங்கே போகிறது என்பதைப் பற்றிய கருத்துக்குக் காத்திருக்க வேண்டும். பக்கம் என்ன செய்தது என்பதைப் பற்றிய கருத்தை அன்றே சொல்லலாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் முதல் இதழைப் பற்றி நேர்மையாகப் பேச எவ்வளவோ இருக்கிறது.

இதழே வெளிவராத நிலையில் சொல்லப்படும் கருத்துகள் இன்னும் மோசமானவை. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே பதிப்பகங்கள் அட்டைப்படத்தையும் நாலு வரிக் கதைச் சுருக்கத்தையும் அறிவித்துவிடுகின்றன. அந்த நாலு வரி விற்பனைக்காக எழுதப்படுவது. அட்டையை வரைந்தவர் ஒருவர், உள்ளே வரைந்தவர் வேறொருவர் என்பதும் அடிக்கடி நடக்கும்.

படங்களைப் பற்றிய கருத்தில் நேரும் தவறு ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மன்னார்குடியிலிருந்து வரும் இருவரில் ஒருவர் ஆசிரியர். சென்ற கோடையில் ஒரு புதிய இதழைப் பற்றி, வண்ணம் முழுக்கச் சேறு பூசியது போல இருக்கிறது என்று மனம் நொந்து சொன்னார். "எந்தப் பக்கம் சார்?" என்று மாணவர் ஒருவர் கேட்க, தம் கைபேசியில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். உண்மையிலேயே சேறாகத்தான் இருந்தது. நீல இரவு பழுப்பாகவும், பெண்ணின் வெள்ளை உடை பழைய செய்தித்தாள் நிறத்திலும் தெரிந்தன. மாணவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இரவில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி பகலிலும் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு நிறுத்தினார். அதே பக்கத்தில் நிலவொளி விழுந்த ஓட்டுக்கூரையும் அதன்மேல் மெல்லிய ஊதா நிழலும் வந்தன. ஆசிரியர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைபேசியில் படிப்பதில் தவறில்லை. அச்சிட்ட அமெரிக்க இதழ் டெல்டா மாவட்டங்களில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறையில் படித்தவர், பக்கத்தின் அமைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எதிரெதிரான இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே படமாக வரைந்திருந்தால், அந்தத் திரையில் அது நான்கு துண்டுகளாக வந்துபோயிருக்கும். பெரிய கட்டத்துக்குப் பிறகு ஓவியர் வைத்த சிறிய கட்டம் தரும் மூச்சுத்திணறல், எல்லாக் கட்டமும் ஒரே அளவில் வரும்போது மறைந்துவிடும். ‘கதை ஓட்டம் மந்தம்’ என்று நான் கேட்கும் குறைகளில் சில இங்கிருந்தே வருகின்றன என்பது என் எண்ணம். கருத்தைச் சொல்லுமுன் ஒருமுறை முழுப்பக்கமாக வைத்துப் புரட்டிப் பாருங்கள். தமிழ்ப் பதிப்பானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று வரியில் அடங்கிய பேச்சு தமிழில் ஐந்து வரி ஆகலாம். எழுத்தைச் சுருக்கினால் கண்ணுக்கு வலி, பேச்சுக்குமிழைப் பெரிதாக்கினால் படத்தின் ஓரம் மறையும். அந்த மறைவுக்கு ஓவியர் பொறுப்பல்லர்.

நம்மில் மூத்தவர்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு: ‘அந்தக் காலத்து மாயாவி போல வருமா’ என்று தொடங்குவது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. அதன் பிறகு பிறந்த நான், பக்கம் உதிர்ந்த பிரதிகளில் அவரைப் படித்து வளர்ந்தேன். மின்சாரத்தைத் தொட்டதும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தனியே மிதந்து வரும் அந்தக் காட்சிக்கு என் மனத்தில் இன்றும் ஈடில்லை. ஆனால் அந்த அன்பை அளவுகோலாக்கி, இன்றைய நாயகர்களின் குணக்கேட்டைப் பழிப்பவர்கள் ஓர் உண்மையை மறந்துவிடுகிறார்கள். 1962-இல் பிரிட்டிஷ் வார இதழான வேலியன்டில் தொடங்கியபோது அந்த மாயாவி, அதாவது லூயிஸ் கிராண்டேல், குற்றவாளியாகத்தான் வந்தார். பின்னரே திருந்தி ரகசிய உளவாளி ஆனார். 1980-களில் லயன் காமிக்ஸ் நமக்குத் தந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்லர்) அப்படியே. குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடியவர் அவர். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். நல்லவன், கெட்டவன் என்ற கோடு அந்தக் காலத்திலும் அழிந்து அழிந்துதான் வரையப்பட்டது.

‘இது பேட்மேனே இல்லை’ என்ற தீர்ப்பும் இதே வேரிலிருந்து முளைப்பதுதான். 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிரகோட்டா வரைந்து தொடங்கிய அப்சல்யூட் பேட்மேனில் பேட்மேனாகிய புரூஸ் வேனுக்கு மாளிகை இல்லை, பணம் இல்லை; ஆள் மலைபோல் இருக்கிறார்; மார்பிலிருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரியாகிறது. எங்கள் கூட்டத்தில் இருவர் இதைக் கண்டதுமே புத்தகத்தை மூடிவிட்டார்கள். எந்த பேட்மேன் உண்மையானவர் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 1939-இல் வந்த பேட்மேன் தொடக்கக் கதைகள் சிலவற்றில் துப்பாக்கி வைத்திருந்தார். அவருடைய துணையாள் ராபின் வந்தது 1940-இல், பணியாள் ஆல்பிரட் வந்தது 1943-இல். 1938-இல் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் தெரியும். ஆகவே, இவர் அவர்தானா என்ற கேள்வியை விட்டுவிட்டு, பணத்தை எடுத்துவிட்டதால் கதைக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அதற்குச் சொல்லும் காரணம் மற்றவருக்கும் பயன்படும்.

இளையவர்களின் தவறு வேறு திசையில் இருக்கிறது: அவர்கள் திரைப்படத்தை மூலமாக வைத்துக் காமிக்ஸை அளக்கிறார்கள். ஸ்பைடர்மேனாக வரும் மைல்ஸ் மொராலிஸ் படத்திலிருந்து இதழுக்கு வந்தவர் என்று ஒரு தம்பி உறுதியாகச் சொன்னார். அவர் 2011 ஆகஸ்டிலேயே இதழில் தோன்றிவிட்டார், படம் வந்தது 2018-இல். தொடரின் பெயரிலும் குழப்பம் நேர்கிறது. அல்டிமேட் ஸ்பைடர்மேன் என்ற பெயரில் 2000-இல் பெண்டிஸும் பேக்லியும் செய்த தொடர் வேறு. 2024 ஜனவரியில் ஹிக்மனும் கெக்கெட்டோவும் தொடங்கிய, ஸ்பைடர்மேனான பீட்டர் மனைவி மக்களுடன் வாழும் தொடர் வேறு. ஒன்றைப் புகழ்வதாக நினைத்து மற்றொன்றை வாங்கி ஏமாந்தவர் எங்களிடையே உண்டு. ஆண்டையும் படைப்பாளியின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் இது நேராது.

பெயர் சொல்வது மரியாதைக்காக மட்டும் அன்று. ‘மார்வெல் கெடுத்துவிட்டது’, ‘டிசி அசத்திவிட்டது’ என்று நிறுவனத்தின் பெயரால் பேசும்போது, எழுதியவர், பென்சிலில் வரைந்தவர், மை தீட்டியவர், வண்ணம் கொடுத்தவர், எழுத்துப் பொறித்தவர் ஆகிய ஐவரும் காணாமல் போகிறார்கள். பேட்மேனின் தோற்றத்தையும் குணத்தையும் வடித்ததில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கரின் பெயர் படைப்பாளி வரிசையில் முறையாக இடம்பெற்றது 2015-இல்தான். அவர் 1974-லேயே இறந்துவிட்டார். வாசகர்கள் ஒவ்வொரு கருத்திலும் பெயர்களைச் சொல்லும் வழக்கம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம். பெயரைச் சொல்லித் திட்டுவது என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தைக் குறை சொல்லலாம், வரைந்தவரின் வீட்டாரையும் பிழைப்பையும் இழுப்பது கருத்தாகாது. பத்துக்கு ஒன்பது, பத்துக்கு மூன்று என்று மதிப்பெண் மட்டும் போட்டுவிட்டுப் போவதும் எனக்கு உடன்பாடில்லை. எதற்கு மதிப்பெண் என்று ஒரு வரியாவது எழுத வேண்டும்.

கடைசியாக, முடிவைப் போட்டு உடைப்பது. மேட்டூரில் ஜூன் 12-இல் மதகைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாள் பிடிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். காமிக்ஸிலும் நாம் கடைமடைக்காரர்கள். அமெரிக்கக் கடைகளில் புதன்கிழமை வரும் மார்வெல் இதழ், சந்தா கட்டிப் படிக்கும் மார்வெல் அன்லிமிடெட் செயலிக்கு வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. தமிழுக்கு வருவதானால் ஆண்டுக்கணக்கில் ஆகலாம். உங்களுக்குப் பழையதாகிப்போன முடிவு, திருத்துறைப்பூண்டியில் ஒருவருக்கு அடுத்த வாரம்தான் புதியது. 2018 ஜூலையில் பேட்மேனின் திருமண இதழ் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அமெரிக்க நாளிதழ் ஒன்று முடிவை வெளியிட்டுவிட, மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அதைச் செய்தியாகப் படிக்க நேர்ந்தது. தலைப்பிலும் முதல் வரியிலும் முடிவை வைக்காமல், எந்த இதழ் வரை பேசப்போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டால் இந்த வருத்தம் யாருக்கும் வராது.

எங்கள் படிக்கட்டில் இதற்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கடைசிப் பக்கங்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, "இன்னும் படிக்காதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் மயிலாடுதுறை அண்ணன்தான் எழுந்திருப்பார். அவர் தொடர் முழுவதும் சேர்ந்த பிறகே படிக்கிறவர். "பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எதிரே இருக்கும் கடையில் டிகிரி காபிக்குச் சொல்வார். பேச்சு முடிந்ததும் மாணவர்களில் ஒருவர் படியேறிப் போய் அவரை அழைத்து வருவார்.