ராத்திரி கேட் சாவி யாரிடம் இருக்கும்? சேலத்தில் ஹாஸ்டல் சேரப்போகிறவர்களுக்கு

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு ரூம்மேட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். 108-க்கு போன் போட்டோம், வண்டியும் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் ஹாஸ்டல் கேட் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் தாத்தாவிடம் சாவி இல்லை, சாவி வார்டனிடம், வார்டன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, அவர் இல்லாத நாளில் யாரைக் கேட்பது என்று தாத்தாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் மெஸ் அண்ணன் ஒருவர் சமையல்கட்டுப் பின்கதவைத் திறந்துவிட, ஸ்ட்ரெச்சர் எண்ணெய் டின்னுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே வெளியே போனது. குடல்வால் பிரச்சினைதான், ஆபரேஷன் முடிந்து அவள் நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தக் கேட் முன்னால் நின்ற நேரத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

அதனால் என்னிடம் யார் ஹாஸ்டலைப் பற்றிக் கேட்டாலும் வைஃபை, ஏசி எல்லாம் அப்புறம், முதலில் ராத்திரி சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டுவிட்டு வா என்பேன். இந்த வருடம் சித்தி மகள் எடப்பாடியிலிருந்து கருப்பூர் பக்கம் ஒரு காலேஜில் சேர்ந்தாள். அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால்

அட்மிஷன் அன்று காலை பதினொரு மணிக்கு ஹாஸ்டலைச் சுற்றிக் காட்டுவார்கள். அன்றைக்கு எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். முடிந்தால் இன்னொரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போங்கள், அம்மா அப்பாவோடு போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். வராண்டாவில் பல்பு எரிகிறதா, பாத்ரூம் தாழ்ப்பாள் விழுகிறதா, இருட்டினபின் மெஸ்ஸிலிருந்து பிளாக்குக்கு நடக்கிற வழி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சீனியர் அக்காவிடம் ஐந்து நிமிடம் பேசினால் ஆபீஸில் ஒரு மணி நேரம் கேட்டதைவிட அதிகம் கிடைக்கும். அக்கா, ராத்திரி யாருக்காவது முடியலைன்னா என்ன பண்ணுவீங்க என்று நேராகவே கேளுங்கள். டெபுடி வார்டன் உள்ளேயே தங்குகிறாரா, காலேஜ் வண்டி ராத்திரியில் கிடைக்குமா, டிரைவர் எங்கே இருப்பார், இதற்கெல்லாம் அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல ஹாஸ்டல். வார்டன் எந்த நேரமும் தொடர்புகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009-ஆம் வருட ராகிங் தடுப்பு விதிமுறைகளே சொல்கின்றன, அதனால் நீங்கள் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்தது இரண்டாவது வாசல். பெரும்பாலான ஹாஸ்டல்களில், அதிலும் பெண்கள் ஹாஸ்டல்களில், பாதுகாப்புக்கு என்று ஜன்னலெல்லாம் கம்பி போட்டு, பின்படிக்கட்டைப் பூட்டி, முன்வாசல் ஒன்றை மட்டும் விட்டிருப்பார்கள். திருடனுக்குப் பயந்து செய்தது தீப்பிடித்தால் நமக்கே பொறியாகிவிடும். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துப் புகை பரவி இரண்டு பெண்கள் இறந்துபோனது நினைவிருக்கும். மாடியில் ரூம் கொடுத்தால் இறங்க இன்னொரு படி இருக்கிறதா, அந்தக் கதவின் சாவி எங்கே என்று பாருங்கள். சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரின் மேல் சின்ன மீட்டர் இருக்கும், முள் பச்சையில் நின்றால் சரி. பல இடங்களில் அது ஆணி அடித்த அலங்காரமாகத்தான் தொங்குகிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி: ஏப்ரல், மே மாதம் எப்படி? சேலம் வெயில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, குளிக்க போர் தண்ணீரா மேட்டூர் தண்ணீரா, டேங்கை எப்போது கழுவினார்கள், குடிக்கிற ஆர்.ஓ. மெஷினில் சர்வீஸ் செய்த தேதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காலேஜ் ஹாஸ்டல் கிடைக்காமல் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, ஜங்ஷன் பக்கம் தனியார் விடுதியில் சேர்கிறீர்கள் என்றால் இன்னொன்று. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, அப்படி நடத்துகிறவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவுபெற வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ரினியூவலுக்குக் கொடுத்திருக்கோம் கண்ணு என்று சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த விடுதியைப் பாருங்கள்.

வீட்டில் பணம் சிரமம் என்றால் அரசு விடுதியை மறந்துவிடாதீர்கள், நிறையப் பேருக்கு அது நினைவுக்கே வருவதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் விடுதிகளுக்கு 2025-லிருந்து சமூகநீதி விடுதி என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் காலேஜுக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி, மாணவிகளுக்கு அந்தத் தூரக் கணக்கு கிடையாது. வருமான வரம்பு உண்டு, விவரத்தைக் கலெக்டர் ஆபீஸிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

மெஸ் பில்

டிவைடிங் சிஸ்டம் என்று சொல்வார்கள், முதல் மாதம் யாருக்கும் புரியாது. அந்த மாதம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை, எல்லாரும் சேர்ந்து சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்து, வருகிற தொகையை உங்கள் நாட்களால் பெருக்குவார்கள், அவ்வளவுதான். செலவு 6 லட்சம், நாட்கள் 5,000 என்றால் ஒரு நாளைக்கு 120 ரூபாய், நீங்கள் 25 நாள் இருந்தால் 3,000. ஊருக்குப் போகிற நாட்களைக் கழிக்க வேண்டுமானால் முன்கூட்டியே ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், இத்தனை நாள் தொடர்ந்து போனால்தான் கழிப்போம் என்று ஒவ்வொரு ஹாஸ்டலும் ஒரு கணக்கு வைத்திருக்கும். நான் எழுதாமல் போய்விட்டு ஒரு பொங்கல் முழுக்கச் சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பணம் கட்டினேன். மெஸ் கமிட்டியில் சேரச் சொன்னால் சேருங்கள், காய்கறி மார்க்கெட் விலையும் சாம்பாரில் பருப்பு எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வாரம்

ஒரு பேப்பரில் நம்பர்களை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போனில்தான் இருக்கிறதே என்பீர்கள், போன் சார்ஜ் இல்லாத ராத்திரியில்தான் அது தேவைப்படும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான உதவிக்கு 181, பணமோ போட்டோவோ ஆன்லைனில் பறிபோனால் 1930. அதற்குக் கீழே வார்டன், டெபுடி வார்டன் நம்பர், ரூம்மேட்டின் வீட்டு நம்பர். கடைசியாகச் சொன்னதை யாரும் வாங்கிவைப்பதில்லை. எங்கள் கதையில் அவள் அம்மாவின் நம்பர் அவளுடைய போனில், போன் அவளுடைய பேட்டர்ன் லாக்குக்குள், அவளோ பேசுகிற நிலையில் இல்லை.

மார்கழி மாதம் சேர்வராயன் மலைக்காற்று இறங்கும்போது ஐந்தரை மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாதுதான். அதனால் வார்டன் எத்தனை முறை பறிமுதல் செய்தாலும் வாட்டர் ஹீட்டர் ராடு எல்லா ஹாஸ்டலிலும் ஒளிந்திருக்கும். வேண்டாம் என்பதுதான் என் கருத்து, கேட்க மாட்டீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் வாளியைத் தொட வேண்டும், இரும்பு வாளி கூடாது, ஈரக் கையும் வெறுங்காலும் கூடாது, ஓடவிட்டுப் பல் தேய்க்கப் போகக் கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராடு, அயர்ன் பாக்ஸ், லேப்டாப் மூன்றையும் செருகுவதும், பவர் பேங்கைத் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுத் தூங்குவதும் அதைவிட மோசம். ஒயரில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். மெயின் எங்கே என்று முதல் வாரத்திலேயே பார்த்துவையுங்கள்.

கருப்பூர் பக்கமெல்லாம் புதரும் காலி இடமும் உள்ளவை, பாம்பு வரும். கடித்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், ஓடவும் விடாதீர்கள், படுக்கவைத்துக் கடித்த கையையோ காலையோ ஆட்டாமல் 108-ல் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்கள். நாய் கடித்தால் குழாய்த் தண்ணீரிலேயே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி.

இன்ட்ரோ என்று கூப்பிட்டால்

சீனியர் பெயர், ஊர் கேட்பது ராகிங் கிடையாது. பாதி நட்பு அப்படித்தான் தொடங்குகிறது, தட்டுவடை செட் எங்கே நன்றாக இருக்கும் என்பதையும் அவர்கள்தான் காட்டுவார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்குமேல் ரூமுக்கு வா, ரெக்கார்டு எழுதிக் கொடு, இவளிடம் போய் இதைச் சொல்லு, போனை வெளியே வைத்துவிட்டு வா என்று தொடங்கினால் அது வேறு. உங்களுக்குப் போக விருப்பமில்லை, போகாமல் இருக்கப் பயமாகவும் இருக்கிறது என்றால் அதுதான் ராகிங், வேறு இலக்கணம் தேட வேண்டாம்.

1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவர் காலேஜிலிருந்து நீக்கப்படுவார், வேறு காலேஜிலும் சேர முடியாது. சேரும்போது நீங்களும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி இருக்கிறதே, அந்த சீனியரும் ஒவ்வொரு வருடமும் அதில் கையெழுத்துப் போட வேண்டியவர்தான். வார்டனிடம் சொல்லுங்கள், வாயால் சொன்னால் போதாது, தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். வார்டன் பேசிச் சமாதானம் பண்ணிக்கோங்க என்று அனுப்பிவிட்டால் காலேஜின் ராகிங் தடுப்புக் குழு, அங்கும் நகரவில்லை என்றால் 24 மணி நேரமும் இயங்கும் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

சீண்டல், தொடுதல், தப்பான மெசேஜ் என்றால் அது உள்ளகப் புகார்க் குழுவிடம் போக வேண்டும். ஆசிரியரோ, மெஸ் ஊழியரோ, கூடப் படிக்கிறவனோ, யார் செய்திருந்தாலும். எழுத்தில் மூன்று மாதத்துக்குள் கொடுக்கச் சட்டம் சொல்கிறது, தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டித்துக் கொடுக்கலாம். குழுவில் யார் யார் என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதையே ஒரு நாள் ஆபீஸில் போய்க் கேளுங்கள்.

மனசு சரியில்லாத நாட்கள்

முதல் மாதம் அழுகை வரும். பையன்களுக்கும் வரும், அவர்கள் மொட்டை மாடிக்குப் போய் அழுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வகுப்புக்கும் போக முடியாமல் இருந்தால் காலேஜ் கவுன்சிலரைப் பாருங்கள், இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-ல் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். எங்கள் காலத்தில் அரியர் வைத்ததை வீட்டில் சொல்லப் பயந்தே பாதிப் பேர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தோம்.

ரூம்மேட் இருக்கவே பிடிக்கலை என்கிற மாதிரிப் பேசினால் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டாலும் சத்தியம் செய்யாதீர்கள். அவளைத் தனியாக விடாமல் ஒருத்தி கூட இருக்க, இன்னொருத்தி போய் வார்டனை எழுப்ப வேண்டும். நாளைக்கு அவள் கோபித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளட்டும்.

அவுட்பாஸும் ஏற்காடும்

சேலத்தில் படித்துவிட்டு ஏற்காடு போகாமல் யாரும் முடிப்பதில்லை, போய்விட்டு வாருங்கள். ஆனால் ஹாஸ்டலை விட்டு வெளியே போக வாங்கும் அவுட்பாஸில் மாமா வீடு என்று எழுதிவிட்டு மலை ஏறாதீர்கள். ஏதாவது ஆனால் எங்கே தேடுவது என்றே யாருக்கும் தெரியாது, ஒரே ஒரு தோழிக்காவது உண்மையான இடம், யார் வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போங்கள். சேலத்திலிருந்து ஏறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் பிரச்சினையில்லை, இறங்கும்போதுதான் விழுகிறார்கள், கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி நியூட்ரலில் உருட்டினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட். மழைக்காலத்தில் மூன்றரை மணிக்கே பனி இறங்கினால் எதிர்வண்டி தெரியாது, அப்படிப்பட்ட நாளில் பஸ்ஸில் போவதே மேல், ஜன்னல் சீட்டும் கிடைக்கும்.

காலி செய்யும்போது

சேர்ந்த அன்றைக்கே ரூமில் கட்டில், ஃபேன், கண்ணாடி எந்த நிலையில் இருந்தது என்று போட்டோ எடுத்துவைத்திருந்தால் இப்போது உதவும். சேரும்போது முன்பணமாகக் கட்டிய காஷன் டெபாசிட் ரசீதைத் தொலைத்தவர்கள் அந்தப் பணத்துக்காக நாலு தடவை சேலம் வந்து போனதைப் பார்த்திருக்கிறேன். பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூ படிவத்தில் மெஸ், லைப்ரரி, ஹாஸ்டல் ஆபீஸ் என்று கையெழுத்து வாங்கவே இரண்டு நாள் ஆகும், அதனால் கடைசிப் பரீட்சை அன்றைக்கே பஸ் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வாளி, கயிறு, கொசுவலையை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டு, அலமாரிக் கதவில் ஒட்டிய பேப்பரில் மாறிப்போன நம்பர் இருந்தால் திருத்திவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.