கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது எப்படி? (அறுபதைத் தாண்டியவர்களுக்கு)

அம்மாவுக்கு 71 வயது. தினமும் நடப்பார், ரத்த அழுத்தம் கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் நாற்காலியை விட்டு எழும்போது மட்டும் இரண்டு கைப்பிடியையும் அழுத்திப் பிடித்து, முன்னும் பின்னும் ஆடி, ஒரு வேகம் எடுத்துத்தான் எழுவார். "அதான் தினமும் நடக்கிறேனே, அப்புறம் காலுக்கு என்ன வந்தது?" என்பார். நியாயமான கேள்விதான். நடை இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது, அதை விடவே கூடாது. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைக்கும் இடுப்புக்குப் பின்னால் உள்ள பெரிய தசைக்கும் கடினமான வேலை எதுவும் இல்லை. உட்கார்ந்து எழ, படியேற, கால் தடுக்கினால் விழாமல் சமாளிக்க அந்தத் தசைகள்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிட நடையோடு நிற்கவில்லை. தசை வலுவுக்கு வாரம் 2 நாள், சமநிலைக்கு 3 நாள் என்று தனியாகவே சொல்கிறது.

அம்மாவோடு சேர்ந்து செய்து சரிவந்த முறையை அப்படியே தருகிறேன். சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், அடிக்கடி விழுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நாற்காலி

கனமான, சக்கரம் இல்லாத மர நாற்காலிதான் என் தேர்வு. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், எழும் வேகத்தில் பின்னால் நழுவும். சோபாவும் வேண்டாம், இடுப்பு உள்ளே புதைந்துவிட்டால் நல்ல வலு உள்ளவருக்கே எழுவது சிரமம். உட்காரும் பலகை தரையிலிருந்து 43 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் சரியாக இருக்கும். நாற்காலியின் முதுகு சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். வழுக்கும் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள்.

படி 1: இப்போது எங்கே இருக்கிறோம்?

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இது முதியோரின் கால் வலுவை அளக்க மருத்துவர்களும் பயன்படுத்தும் சோதனை. 60-64 வயதில் பெண்கள் 12க்குக் கீழே, ஆண்கள் 14க்குக் கீழே எடுத்தால் சராசரியை விடக் குறைவு. 70-74 வயதில் அது பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். பூஜ்யம் வந்தால் சோர்ந்துபோகாதீர்கள், அம்மாவுக்கும் முதலில் அதுதான் வந்தது.

படி 2: எழுவது

நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அம்மாவை எழச் சொல்லிப் பக்கவாட்டில் உட்கார்ந்து கவனித்தேன். பாதம் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது, முதுகு நாற்காலியில் சாய்ந்தே இருந்தது, அங்கிருந்து நேராக மேலே கிளம்பப் பார்த்தார். உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில் இருக்க, பாதம் எங்கேயோ முன்னால் இருந்தால் யாராலும் எழ முடியாது. இருபது வயதுப் பிள்ளையை அப்படி உட்காரவைத்து எழச் சொல்லிப் பாருங்கள்!

ஆகவே வரிசை இதுதான். முதலில் இடுப்பை நகர்த்தி இருக்கையின் பாதி வரை முன்னே வாருங்கள். பிறகு பாதங்களை இடுப்பு அகலத்தில் வைத்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள், குதிகால் தரையிலேயே இருக்க வேண்டும். அடுத்து முதுகைக் கூன் போடாமல் இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள், மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும் வரை. இந்த இடத்தில் குப்புற விழுந்துவிடுவோமோ என்று ஒரு பயம் வரும், அந்தப் பயத்தில்தான் எல்லோரும் பாதியிலேயே நிமிர்ந்துவிடுகிறார்கள். எதிரில் ஒருவர் நின்றாலோ, கனமான மேசை ஒன்று இருந்தாலோ அந்தப் பயம் போய்விடும். பாரம் பாதத்துக்கு வந்தது தெரிந்ததும் தரையை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

உட்காரும்போது தொப்பென்று விழ வேண்டாம். மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். வலு ஏறுவதில் பெரிய பங்கு இந்த இறக்கத்துக்கு உண்டு.

படி 3: எத்தனை முறை?

ஒரு சுற்றுக்கு 5, இடையில் ஓய்வு, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி ஒன்றிரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கையில்லாமல் எழவே முடியாதவர்கள் நாற்காலியில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டிச் செய்துவிட்டு, பழகப் பழக உயரத்தைக் குறைக்கலாம். கணக்கு வைக்க செல்போன் செயலி எதுவும் தேவையில்லை, சுவரில் மாட்டிய காலண்டரில் பேனாவால் ஒரு கோடு போதும், போடாத நாள் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வயதில் தசை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்ததில் அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

படி 4: சமநிலை

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். பாதங்களைச் சேர்த்து 10 விநாடி. ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னே தள்ளி 10 விநாடி. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி ஒரே கோட்டில் 10 விநாடி. கடைசியாக ஒற்றைக் கால். மூன்றாவது நிலையில் பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் வாய்ப்பு அதிகம், அவர்கள் இதை ஒருநாளும் விடக்கூடாது.

மனசுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. விழுந்துவிடுவோமோ என்று பயப்படுபவர் முதலில் படியிறங்குவதை நிறுத்துவார், அப்புறம் விசேஷங்களுக்குப் போவதை, அப்புறம் நண்பர்களைப் பார்ப்பதை. தனிமை, காது மந்தம், உடலசைவு இல்லாமை மூன்றுமே மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் காரணிகள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் இருக்கின்றன. அதனால் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். செய்துகொண்டே பேசுங்கள், 100லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணுங்கள். நிஜ வாழ்க்கையில் பேசிக்கொண்டுதானே நடக்கிறோம், தடுக்குவதும் அப்போதுதான். பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்றால் காதைப் பரிசோதித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

பின்சேர்க்கை 1: முழங்கால் வலி உள்ளவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். இருக்கை உயரத்தைக் கூட்டுங்கள், முழங்கால்கள் உள்பக்கம் மடங்காமல் பாதம் நோக்கும் திசையிலேயே போகிறதா என்று பாருங்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலித்தாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இது கால் வலு சம்பந்தப்பட்டதல்ல, இதோடு பயிற்சியைத் தொடரவும் கூடாது. உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து 3 நிமிடத்துக்குள் ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு (இரண்டு எண்களில் பெரியது) முன்பு இருந்ததை விட 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள், பல நேரம் மாத்திரை அளவை மாற்றினாலே சரியாகிவிடும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அதுவரை எழுவதற்கு முன் உட்கார்ந்தபடியே குதிகாலை இருபது முறை ஏற்றி இறக்கிவிட்டு எழுங்கள், எழுந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று பிறகு நடங்கள்.