பதின்மூன்று வயதுக் கைகளில் எந்த மாயாஜால நாவலைக் கொடுப்பது?

என் அண்ணன் மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் மூன்று பாகங்களையும் அழகிய பெட்டியோடு வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது, முதல் பாகத்தின் முன்னுரையில், ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் புகையிலைப் பழக்கத்தை விவரிக்கும் பக்கத்தில், அடையாளத்துக்குச் செருகிய பேருந்துப் பயணச்சீட்டு அப்படியே இருந்தது. “நல்லாத்தான் இருக்கு அத்தை, ஆனா இன்னும் கதையே ஆரம்பிக்கலையே” என்றாள். அவள்மீதும் பிழையில்லை, நூலின்மீதும் பிழையில்லை. எனக்குப் பிடித்ததை அவள் தலையில் கட்டிவிட்டு, அதைத் தேர்வு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு உறவிலும் நட்பிலும் பல பிள்ளைகளுக்கு நூல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடைக்குப் போவதற்கு முன்பு இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, “உனக்கு என்ன பிடிக்கும்?” என்பதன்று, அதற்குப் பெரும்பாலும் தோள்குலுக்கல்தான் பதிலாகக் கிடைக்கும். “கடைசியாக எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்காமல் படித்து முடித்தாய், அதில் எந்த இடத்தை உன் தோழியிடம் சொன்னாய்?” என்று கேட்க வேண்டும். ஹாரி பாட்டரைச் சொல்லும் பத்துப் பிள்ளைகளுள் ஒருவருக்கு விடுதிப் பள்ளி வாழ்க்கையும், இன்னொருவருக்கு யார் குற்றவாளி என்ற புதிரும், மற்றொருவருக்கு வீஸ்லி இரட்டையரின் குறும்பும் பிடித்திருக்கும். மூவருக்கும் அடுத்துத் தர வேண்டிய நூல் ஒன்றாக இருக்க முடியாது.

பள்ளியை விரும்பியவருக்கு உர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968) நாவலைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பார்கள். அதிலும் மந்திரவாதிகளுக்கான பள்ளி ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பள்ளி சில அத்தியாயங்களோடு முடிந்துவிடுகிறது. மீதிக் கதை, தன் செருக்கினால் அவிழ்த்துவிட்ட நிழலிடமிருந்து ஓடி, பிறகு அதையே தேடிக் கடலில் அலையும் ஓர் இளைஞனின் தனிமையைச் சொல்கிறது. பக்கங்கள் குறைவு என்றாலும் நடை கனமானது. நகைச்சுவையை எதிர்பார்த்துப் போகும் பிள்ளை ஏமாந்துபோகும். தன்னைத் தானே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளையோ அதைப் பல ஆண்டுகளுக்கு மறக்காது. நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்பது நம் பிள்ளைகளின் கண்ணில் தானாகவே படும். பழைய பதிப்புகள் சிலவற்றின் அட்டைகள் அவனை வெள்ளையனாக வரைந்ததைப் பற்றி லெ குவினே குறைபட்டிருக்கிறார்.

குறும்பை விரும்பியவருக்கு டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ (1986) பொருத்தமாக இருக்கும். தொப்பிக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி சூனியக்காரியின் சாபத்தால் கிழவியாகிவிடுகிறாள். கிழவியான பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கிறது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இதைத் தழுவி எடுத்த 2004ஆம் ஆண்டு அசைவூட்டத் திரைப்படத்தைப் பார்த்த பிள்ளையாக இருந்தால், படத்துக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடுகளைக் கண்டுபிடிப்பதற்காகவே படித்து முடித்துவிடும். புராணக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, கிரேக்கக் கடவுளரை இன்றைய அமெரிக்காவில் உலவவிடும் ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசையும் (முதல் நூல் 2005), மகாபாரதத்தை அவ்வாறே கையாளும் ரோஷனி சோக்‌ஷியின் ஆரு ஷா வரிசையும் (2018) எளிய நுழைவாயில்கள். ஆனால் இரண்டிலும் கதை தொடங்கும்போது நாயகர்களுக்குப் பன்னிரண்டு வயதுதான். பதினாறு வயதுக்காரரிடம் நீட்டினால், குழந்தைப் புத்தகம் என்று முகம் சுளிக்க வாய்ப்புண்டு.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ கைப்பிரதி 1936இல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது, அவர் அதைத் தம் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்து, கருத்து எழுதித் தரச் சொல்லி ஒரு ஷில்லிங் கூலி கொடுத்தார். ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று சிறுவன் எழுதினான். தனக்குப் பிடித்த நூலைத் தன்னைவிடச் சின்னவர்களுக்கானது என்று சொல்லும் பத்து வயதுப் பெருமிதத்தை எண்ணி நான் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆயினும் பிள்ளைக்கான நூலைப் பற்றிப் பிள்ளையிடமே கேட்ட அந்தத் தந்தையின் வழி சரியானது. கடைக்குத் தனியாகப் போய் வாங்கி வருவதைவிட, மூன்று நூல்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, முதல் பத்துப் பக்கங்களைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுவது நல்லது.

அட்டையிலும் அலமாரியிலும் உள்ள வயதுக் குறிப்பை வழிகாட்டியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ‘யங் அடல்ட்’ (இளையோர்) என்ற பெயரின்கீழ் பன்னிரண்டு வயதுக்கானதும் பதினெட்டு வயதுக்கானதும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015இல் இளையோர் நூலாகவே வெளிவந்தது. பாலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும் அவ்வரிசை பின்னர்தான் பெரியவர்களுக்கான அலமாரிக்கு மாற்றப்பட்டது. நாயகரின் வயதைப் பார்த்து வாங்குவது இதைவிடப் பெரிய பொறி. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ (1996) நாவலில் கதையைத் தாங்கும் பாத்திரங்களுள் பலர் சிறுவர் சிறுமியர். அவர்களுள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், காணக் கூடாததைக் கண்டதற்காகக் கோபுரத்திலிருந்து தள்ளிவிடப்படுகிறான். அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான நூல்.

மறுபக்கமும் உண்டு. நீல் கெய்மனின் ‘தி கிரேவ்யார்ட் புக்’ (2008), இருளில் கத்தியோடு வரும் ஒருவன் ஒரு குடும்பத்தையே கொன்றுவிட்ட நிலையில் தொடங்குகிறது. அந்த முதல் பக்கத்தை மட்டும் பார்த்த எந்தப் பெற்றோரும் நூலை மூடித் திரும்ப வைத்துவிடுவார்கள். ஆனால் கொலை நம் கண்முன் நிகழ்வதில்லை. கத்தியின் ஈரத்தைச் சொல்லிவிட்டுக் கதை, படியிறங்கித் தத்தித் தத்தி இடுகாட்டை நோக்கி நடந்துவிட்ட குழந்தையின் பின்னால் போய்விடுகிறது. அங்கே ஆவிகள் அதைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி, கார்னகி என்ற இரு பெரும் விருதுகளையும் பெற்ற நூல் அது. ஆகவே ஒரு நாவலில் வன்முறை இருக்கிறதா என்று கேட்பதைவிட, எழுத்தாளர் அதன்மீது எவ்வளவு நேரம் நிற்கிறார், அதை ரசித்து நிற்கிறாரா, வருந்தி நிற்கிறாரா என்று பார்ப்பதே பயன் தரும். இதற்கு முழு நூலையும் படிக்க வேண்டியதில்லை. முதல் அத்தியாயம், நூலின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு வரும் ஓர் அத்தியாயம், கடைசிப் பத்துப் பக்கங்கள் ஆகியவற்றைப் படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கதாசிரியர்கள் கொடுமையை நடுவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பதே வழக்கம் என்பதால், முதல் அத்தியாயத்தோடு நின்றுவிட வேண்டாம். முடிவு தெரிந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றினால், அது பிள்ளைக்காக நீங்கள் செய்யும் தியாகம்.

தொடர்களில் எச்சரிக்கை தேவை. ஹாரி பாட்டரின் முதல் நூல் பிரித்தானியப் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். 1997 முதல் 2007 வரை அவை ஒவ்வொன்றாக வெளிவந்தபோது வாசகர்களும் கூடவே வளர்ந்தார்கள். இன்று பதினொரு வயதுப் பிள்ளை கோடை விடுமுறையில் முதல் நூலைத் தொடங்கினால், பள்ளி திறப்பதற்குள் நான்காம் நூலின் இறுதியில் சக மாணவன் கொல்லப்படும் இடத்துக்கு வந்துவிடும். தடுக்க வேண்டியதில்லை, அந்த இடத்தை அது எட்டும்போது நீங்கள் அருகில் இருந்தால் போதும். சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையின் இன்றைய பெட்டிகள் ‘தி மஜிஷியன்ஸ் நெஃப்யூ’வை முதலாவதாக எண்ணிட்டு வருகின்றன; அது 1955இல்தான் வந்தது. 1950இல் வந்த ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ நூலிலிருந்து தொடங்கினால்தான், அலமாரிக்குள் பனி பெய்யும் வியப்பு முழுதாகக் கிடைக்கும். முடிவடையாத வரிசைகளைப் பொறுமையற்ற பிள்ளைக்குத் தர வேண்டாம். மார்ட்டினின் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது, ஆறாவதற்கு அவருடைய வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

ஆங்கிலத்தைப் பள்ளிப் பாடமாக மட்டும் பயிலும் பிள்ளைக்கு, ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் புரியாவிட்டால் நூல் கடினம் என்ற வழக்கமான சோதனையைச் செய்யலாம், ஆனால் கற்பனைப் பெயர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை இங்கிலாந்துப் பிள்ளைக்கும் புதியவைதான். டெர்ரி பிராட்செட்டின் ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003) நாவலில், ஒன்பது வயது டிஃப்பனி, தன் தம்பியையே தூண்டில் இரையாக்கி, ஆற்றிலிருந்து எழும் அரக்கியை வறுக்கும் சட்டியால் அடிக்கிறாள். கதை இனிக்கும், ஆனால் அதிலுள்ள குட்டி நீல மனிதர்கள் ஸ்காட்லாந்துக் கொச்சையில் பேசுவது நம் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும். அந்த உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும். ஹாரி பாட்டர் தமிழிலும் கிடைக்கிறது என்பதால், ஆங்கிலம் தடையாக நிற்கும் பிள்ளை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எப்படித் தேர்ந்தெடுத்தாலும், முதலில் ஒரு பாகத்தை மட்டும் வாங்குங்கள். பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டால் ஏன் என்று கேட்காமல், எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள். முன்னுரையில் நின்றிருந்தால் அதைத் தாண்டி முதல் அத்தியாயத்துக்குப் போகச் சொல்லலாம். பெயர்கள் குவியும் இடத்தில் நின்றிருந்தால், நூலின் தொடக்கத்தில் உள்ள வரைபடத்தைப் பிரதியெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொடுக்கலாம். ஒரு மரணத்துக்கோ சித்திரவதைக்கோ அடுத்த பக்கத்தில் நின்றிருந்தால், அந்த நூலை எடுத்து உயர அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள்.