303 ரைபிளைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

303 என்று அழைக்கப்படும் லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ரைபிள் இந்தியாவில் இஷாப்பூரிலும் தயாரானது. கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் உரிமம் பெற்றவர்களின் வீடுகளில் இன்றும் இருக்கிறது. துப்பாக்கி எஃகைவிட அதன் மரக்கட்டைதான் வீட்டு மேஜையில் அதிகம் சேதமாகிறது. காரணம் பெரும்பாலும் கழற்றும் வரிசை மாறுவதுதான்.

முதலில் மாகசினை (தோட்டாப் பெட்டி) எடுத்து, போல்ட்டை (கைப்பிடியுள்ள, முன்னும் பின்னும் நகரும் தாழ்) திறந்து, சேம்பர் (குழலில் தோட்டா அமரும் இடம்) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

மிகப் பெரிய தவறு, தோளில் வைக்கும் பின்கட்டையை முதலில் கழற்றப் பார்ப்பது. அதைப் பிடித்திருக்கும் நீண்ட கட்டை-போல்ட்டின் (மேலே சொன்ன தாழ் அல்ல, ஒரு திருகாணி) முனை சதுரமானது. முன்கட்டையின் பின்முனையில் பதித்த சிறு தகடு அந்தச் சதுரத்தைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. முன்கட்டை இருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரைத் திருப்பினால், சதுரம் தகட்டைத் திருக, மரம் பிளந்துவிடும். ஆகவே நோஸ் கேப் (முன்முனை உலோக மூடி), கைக்காப்புக் கட்டைகள், வளையங்கள், ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றியுள்ள வளைவு), முன்கட்டை எல்லாம் வந்த பிறகே பின்கட்டை. அப்போதும் பின்கட்டையின் துளைக்குள் இருக்கும் தோல் அடைப்பை முதலில் வெளியே இழுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு கட்டை-போல்ட்டைத் தளர்த்தினால் பின்கட்டையும் விரியலாம். திரும்ப மாட்டும்போது சதுரத்தின் பக்கங்கள் தகட்டின் பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும்.

முன்கட்டையைக் குழல் முனையில் பிடித்து நெம்புவது அடுத்த தவறு. பின்பக்கம் ரிசீவரோடு (போல்ட் ஓடும் உலோக உடல்) ஒட்டி, சுடும்போது வரும் உதையைத் தாங்கும் மரப்பகுதி உதிர்ந்தால் குறி தவறத் தொடங்கும். முழு நீளமும் ஒன்றாக, நேராகக் கீழே இறங்கட்டும். அந்த நேரம் குழலுக்கு அடியில் இருக்கும் சிறு ஸ்பிரிங்கும் குமிழும், உள்வளைய ஸ்க்ரூவின் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால் தேடும் வேலை மிச்சம்.

ட்ரிகர் கார்டின் முன் ஸ்க்ரூ கடந்து போகும் குழாய் போன்ற புஷ் (சிறு உலோக வளையம்) தொலைந்தால், இறுக்க இறுக்க மரம்தான் நசுங்கும். இந்த மாடலில் ட்ரிகர், கார்டிலேயே தொங்குகிறது. மரம் நசுங்கினால் ட்ரிகர் இழுப்பும் மாறிவிடும். ட்ரிகர் ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லி அதை வளைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கைப்பிடியுள்ள போல்ட்டில் விளையாடாதீர்கள். ஸ்ட்ரைக்கரை (தோட்டாவை அடிக்கும் ஊசி) கழற்ற இரண்டு பல் கொண்ட தனிக் கருவி வேண்டும். காக்கிங் பீஸில் (ஸ்ட்ரைக்கரின் பின்முனையில் மாட்டிய துண்டு) உள்ள பூட்டு ஸ்க்ரூவை எடுக்காமல் திருப்பினால் மரைதான் போகும். திரும்பச் சேர்த்ததும் ஸ்ட்ரைக்கரின் பின்முனை காக்கிங் பீஸோடு சமமாக இருக்க வேண்டும்; முன்முனை போல்ட் முகத்திலிருந்து நீளும் அளவு 1 மி.மீ.-க்குச் சற்று மேல்.

இரண்டு ரைபிள்களைச் சுத்தம் செய்யும்போது போல்ட்டுகள் மாறிவிடுவது ஆபத்தானது. போல்ட் கைப்பிடியிலுள்ள எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் தலையை மாற்றினால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் குழலில் தோட்டா அமரும் இடத்துக்கும் இடையிலான இடைவெளி) மாறும். அது அளவுக்கு மேல் கூடினால் தோட்டாவின் உலோகக் கூடு அடிப்பாகத்துக்கு அருகே அறுந்துவிடும். இதற்குப் பின் வந்த நம்பர் 4 ரைபிளின் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வருவதே இதற்காகத்தான். இதை அளக்கும் கேஜ் இல்லாதவர் இதில் ஊகிக்க வேண்டாம். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அளந்து வாங்குங்கள்.

சாதாரண ஸ்க்ரூடிரைவரின் ஆப்பு முனை ஸ்க்ரூத் தலையைக் கிழிக்கும். பக்கங்கள் இணையாகத் தேய்த்த முனைதான் பொருந்தும். பாதி மரை எளிதாகப் போய் அதன்பின் கடினமானால் உடனே நிறுத்துங்கள், அது வேறு இடத்து ஸ்க்ரூ.