இடைவெளியை நிரப்பும் பழக்கம்: விபத்துக்கும் நெரிசலுக்கும் வித்திடும் தவறுகள்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் காலை எட்டு மணிக்குச் சென்றால் ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பக் காணலாம். பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் தெரிந்தவுடன் ஒரு பைக் அதில் நுழைகிறது; பைக் விட்ட இடத்தை ஆட்டோ பிடிக்கிறது; ஆட்டோவின் பின்பக்கத்தை உரசுவதுபோல் ஒரு கார் வந்து நிற்கிறது. சாலையில் காலியாகத் தெரியும் இடமெல்லாம் உடனே நிரப்பப்பட வேண்டியது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வேகமாக ஓடும் சாலையில் விபத்தை உண்டாக்குவதும், ஊர்ந்து செல்லும் சாலையில் நெரிசலை உண்டாக்குவதும் பெரும்பாலும் இந்த ஒரே எண்ணம்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் நடந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவ்வாண்டில் மிக அதிகமான விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. இங்கு நடந்த 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் போயின. நாடளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட விபத்துகள், ஒரு வாகனத்தின் பின்னால் மற்றொன்று மோதியதால் ஏற்பட்டவை. முன்னால் செல்லும் வாகனத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டுவது எத்தனை பெரிய தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. முன்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு விநாடியாகும். அதுவரை வண்டியின் வேகம் சிறிதும் குறைவதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தாலும், முழுதாக நிற்பதற்கு ஐம்பது மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பல லாரிகளுக்கும் டிராக்டர் டிரெய்லர்களுக்கும் பிரேக் விளக்கே எரிவதில்லை என்பதால், பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு விநாடியும் பல நேரங்களில் கிடைப்பதில்லை.

போதிய தூரம் விட்டிருக்கிறோமா என்று அறிவதற்கு எளிய வழி உண்டு. முன்னால் செல்லும் வாகனம் ஒரு விளக்குக் கம்பத்தையோ மைல்கல்லையோ தாண்டும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாக மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அதே கம்பத்தைத் தாண்டிவிட்டால் மிக நெருங்கிச் செல்கிறீர்கள் என்று பொருள். மழையிலும் இரவிலும் இந்த எண்ணிக்கையை நான்கு வரை நீட்டிக்கொள்வது நல்லது. ‘அவ்வளவு இடம் விட்டால் நடுவில் வேறு வண்டி புகுந்துவிடுமே’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். புகட்டும். அதற்காக மீண்டும் தூரம் விட்டுக்கொடுப்பதால் நாம் இழப்பது இரண்டு விநாடி. பத்து வாகனங்கள் புகுந்தாலும் மொத்த இழப்பு அரை நிமிடத்தைத் தாண்டாது.

இந்தத் தூரம் விபத்தைத் தடுப்பதோடு நெரிசலையும் தளர்த்துகிறது. ஜப்பானில் யூக்கி சுகியாமா தலைமையிலான ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். அந்தப் பாதையில் சிக்னலோ பள்ளமோ குறுக்கே வருபவரோ இல்லை. ஆயினும் சிறிது நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் சற்றுக் கூடுதலாகக் குறைக்க, அது பின்னோக்கிப் பரவி, சில கார்கள் முற்றிலும் நின்றுபோயின. காரணமே தெரியாமல் பெருங்களத்தூரில் பத்து நிமிடம் நின்று, பிறகு முன்னால் எந்தத் தடையும் இல்லாததைக் கண்டு வியந்தவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. போதிய தூரம் விட்டு ஓட்டுபவர் முன்னவரின் தயக்கத்தைப் பிரேக் மிதிக்காமலே உள்வாங்கிக்கொள்கிறார்; ஒட்டிச் செல்பவர் அதைப் பெரிதாக்கிப் பின்னால் அனுப்புகிறார்.

அடுத்த தவறு, வெளியேற இடம் இல்லாதபோது சந்திப்புக்குள் நுழைவது. பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக மட்டும் நுழைந்துவிடக் கூடாது. சந்திப்பைக் கடந்த பின் நம் வண்டி முழுதாக நிற்க அப்புறம் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். இதன் தீய விளைவை ரயில்வே கேட்டில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். கேட் மூடியவுடன் முதலில் வந்தவர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் வரும் பைக்குகள் வலப்பக்கம் காலியாக இருப்பதைக் கண்டு முன்னேறி, கேட் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் பார்த்து ஓர் ஆட்டோவும், ஆட்டோவைப் பார்த்து ஒரு காரும் அங்கே சேருகின்றன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலும் இதே காட்சிதான். ரயில் போய்க் கேட் திறக்கும்போது முழுச் சாலையையும் அடைத்துக்கொண்ட இரண்டு கூட்டங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒரு முறை அப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவே ஆம்புலன்ஸ் ஒன்று சிக்கியதை அருகில் நின்று பார்த்தேன். வழிவிட எல்லோருக்கும் மனம் இருந்தது. ஆனால் முன்சக்கரத்தைத் திருப்பக்கூட ஒருவருக்கும் இடம் இருக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. வழிவிட முடியாத நிலையை நாமே உண்டாக்கிக்கொண்ட பிறகு அச்சட்டத்தால் யாருக்கு என்ன பயன்?

எதிர்த்திசையில் ஓட்டுவதைப் பலரும் தவறாகவே கருதுவதில்லை. ‘நூறு மீட்டர்தானே, ஓரமாகத்தானே போகிறேன்’ என்பதே வழக்கமான பதில். 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் பைக்கும் 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். இரவில் அந்த பைக்கின் முகப்பு விளக்கை, சென்டர் மீடியனுக்கு அப்புறம் வரும் வண்டியின் விளக்கு என்றே கார் ஓட்டுநர் எண்ணிக்கொள்வார். தம் பாதையிலேயே அது வருகிறது என்று உணரும்போது ஒதுங்குவதற்கு நேரம் இருக்காது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் இதனை அபாயகரமாக ஓட்டும் குற்றங்களில் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதே வேளையில், மீடியன் திறப்புகளை அடைத்துவிட்டு, ஊர்மக்கள் கடப்பதற்குப் பாலமோ சுரங்கப்பாதையோ முறையான சர்வீஸ் ரோடோ தராமல், பால் வாங்கவும் பள்ளிக்குப் போகவும் இரண்டு கிலோமீட்டர் சுற்றி வரச் செய்யும் சாலை அமைப்பாளர்களுக்கும் இக்குற்றத்தில் பங்கு உண்டு என்பதே என் உறுதியான கருத்து.

பேருந்தையோ லாரியையோ இடப்பக்கமாக முந்துவது, இண்டிகேட்டர் போட்டவுடனேயே திரும்பிவிடுவது, எதிரே வண்டி வரும்போதும் ஹை பீமை அணைக்காமல் வருவது ஆகியவையும் இவ்வரிசையில் சேரும். லாரி ஓட்டுநரின் இடப்பக்கக் கண்ணாடியில் தெரியாத பகுதி பெரியது. ‘அவர் என்னைப் பார்த்திருப்பார்’ என்று நம்பி அங்கே நுழைவது பெருந்தவறு.

பழுதாகி நிற்கும் வாகனங்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். நெடுஞ்சாலையில் டயர் வெடித்த லாரியை ஓரத்தில் நிறுத்துபவர்கள், ஒளிரும் முக்கோணப் பலகைக்குப் பதிலாக நான்கு கருங்கற்களையும் ஒரு வேப்பங்கிளையையும் பின்னால் வைக்கிறார்கள். பகலில் அது ஓரளவு உதவலாம். இரவில் கல் எதையும் பிரதிபலிக்காது. அதைவிடக் கொடியது, டயரை மாற்றிய பின் லாரி போய்விட, கற்கள் மட்டும் சாலையிலேயே கிடப்பதுதான். அடுத்து அவ்வழியே வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கு அந்தக் கற்களே எமனாகின்றன. முக்கோணப் பலகையைக் குறைந்தது ஐம்பது மீட்டருக்குப் பின்னால் வைப்பதும், நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுவதும், கிளம்பும்போது வைத்தவற்றையெல்லாம் எடுத்துக்கொள்வதும் ஓட்டுநரின் கடமை.

தலைக்கவசம் பற்றி ஒன்றே ஒன்று: வாரைக் கொக்கியில் மாட்டாமல் அணிந்த தலைக்கவசம், முதல் மோதலிலேயே தலையை விட்டுக் கழன்று போய்விடும். பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் இது முழுமையாகப் பொருந்தும்.

விபத்து நடந்த இடத்தில் நாம் செய்யும் தவறுகள் இரண்டு. எதிர்ப்பக்கச் சாலையில் செல்பவர்களும் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்ப்பதால் அங்கேயும் பின்மோதல் நேர்கிறது, வரிசை நீளுகிறது. அருகில் இருப்பவர்களோ போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என அஞ்சி ஒதுங்கி நிற்கிறார்கள். உதவுபவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற விதிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பாதுகாப்பைச் சட்டத்திலேயே சேர்த்தது. பெயரையோ முகவரியையோ தரும்படி உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. காயமடைந்தவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. 108-ஐ அழையுங்கள், ஊரின் பெயரோடு, எந்தத் திசையில் செல்லும் பக்கம் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். நான்குவழிச் சாலையில் அது தெரியாமல் ஆம்புலன்ஸ் மறுபக்கத்தில் வந்துவிட்டால், அடுத்த யு டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.